தலைவர்களின் மறைவு உறைகள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நேரு மறைந்த அன்று அஞ்சலகத் தேதி முத்திரை விழுந்த கடித உறை ஒன்று. அவருக்கான அஞ்சலித் தபால் தலை வெளியான அன்று விற்ற முதல் நாள் உறை ஒன்று. அடுத்த ஆண்டு நினைவு நாளில் யாரோ அச்சடித்த உறை ஒன்று. மூன்றிலும் அதே முகம், அதே கறுப்புக் கரை. விற்பனை மேசையில் மூன்றும் ஒரே பெட்டியில் கிடக்கும், பல நேரம் ஒரே விலையில். புதிதாக வருபவர்கள் காசை இழப்பது இந்தப் பெட்டியில்தான். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முத்திரையைப் படித்து வாங்குங்கள். கீழே உள்ள எல்லாமே அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான்.

இந்தியத் தலைவர்களை வைத்தே எழுதுகிறேன். நம் ஊரில் கிடைப்பதும், நாமே சரிபார்க்க முடிவதும் அவைதான்.

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மறைவு உறைகளில் நான்கு வகை உண்டு.

நிகழ்வு நாள் உறை: தலைவர் இறந்த நாள் அல்லது இறுதிச் சடங்கு நாளின் முத்திரை கொண்டது. தலை எதுவாகவும் இருக்கலாம். அன்று புழக்கத்தில் இருந்த சாதாரணத் தலையாக இருப்பதே இயல்பு.

முதல் நாள் உறை: அவர் நினைவாக வந்த தலை, அது வெளியான நாளின் முத்திரையோடு. வியாபாரிகள் எஃப்.டி.சி. என்பார்கள். இந்தியாவில் இவை பெரும்பாலும் முகவரி எழுதாமல் வெறுமையாகவே இருக்கும். அது குறையல்ல.

நினைவு நாள் உறை: முதலாண்டு, பத்தாமாண்டு, நூற்றாண்டு என்று பின்னால் வருபவை. சிறப்பு முத்திரையோடு அஞ்சல் வட்டங்கள் (அஞ்சல் துறையின் மாநில அளவுப் பிரிவுகள்) வெளியிடும் சிறப்பு உறைகளும் இதில் அடங்கும்.

உண்மையில் அஞ்சலில் பயணித்த கடிதம்: அஞ்சலித் தலையை ஒட்டி ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய சாதாரண உறை. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அனுபவம் உள்ளவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: ஒரே ஒரு தலைவர், முதல் நாள் உறையும் நிகழ்வு நாள் உறையும் மட்டும். நேருவில் தொடங்குவது நல்லது. உறைகள் நிறையக் கிடைக்கின்றன, விலையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. காந்தியை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள். காரணம் ஐந்தாம் படியில்.

2. தேதிகளை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்

கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய முதல் கருவி இதுதான். இறந்த தேதி, தலை வெளியான தேதி, தலையின் மதிப்பு:

காந்தி: 30-1-1948, 15-8-1948, ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு தலைகள்.
நேரு: 27-5-1964; 12-6-1964; 15 பைசா.
லால் பகதூர் சாஸ்திரி: 11-1-1966, 26-1-1966, 15 பைசா.
ஜாகிர் உசேன்: 3-5-1969, 11-6-1969, 20 பைசா.
அண்ணா: 3-2-1969, 3-2-1970, 20 பைசா.
காமராஜர்: 2-10-1975, 15-7-1976, 25 பைசா.
இந்திரா காந்தி: 31-10-1984, 19-11-1984, 50 பைசா.
ராஜீவ் காந்தி: 21-5-1991, 20-8-1991, 1 ரூபாய்.
அப்துல் கலாம்: 27-7-2015, 15-10-2015, 5 ரூபாய்.

வெளியீட்டுத் தேதிகளைக் கவனியுங்கள். நேருவுக்கும் சாஸ்திரிக்கும் ஏறக்குறைய இரண்டே வாரத்தில் தலை வந்துவிட்டது. அண்ணாவுக்கு முதலாண்டு நினைவு நாளில் வந்தது. காமராஜர், இந்திரா, ராஜீவ், கலாம் தலைகள் அவரவர் பிறந்த நாளில் வந்தவை. ஆகவே காமராஜரின் முதல் நாள் உறையில் ஜூலை 15 இருப்பதைப் பார்த்து, 'இது பிறந்தநாள் உறைதானே' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு பொறி நேருவில் இருக்கிறது. 14-11-1964 அன்று குழந்தைகள் தினத்துக்காகவும் நேரு உருவத்தோடு 15 பைசா தலை ஒன்று வந்தது. அதன் முதல் நாள் உறையை மறைவு உறை என்று விற்பவர்கள் உண்டு. அஞ்சலித் தலையின் தேதி ஜூன் 12 மட்டுமே.

3. தேதி மட்டும் போதாது, நேரத்தையும் கிழமையையும் தெரிந்துகொள்ளுங்கள்

நிகழ்வு நாள் உறைகளில் இதுதான் உயிர்நாடி. இதைத் தெரியாமல் விலை பேசக் கூடாது.

நேருவின் மறைவு பிற்பகல் 2 மணி அளவில் அறிவிக்கப்பட்டது, அன்று புதன்கிழமை. ஆகவே 27-5-1964 முத்திரை விழுந்த உறைகளில் காலைத் தபால் கட்டோடு போனவை செய்தி தெரியாமல் எழுதப்பட்ட சாதாரணக் கடிதங்கள். மாலைத் தபால் கட்டில் சேர்ந்தவையே செய்தி தெரிந்து அஞ்சலில் சேர்க்கப்பட்டிருக்கக்கூடியவை. முத்திரையில் நேரமும் பொறிக்கப்பட்டிருந்தால் அதைப் படியுங்கள். இரண்டும் சேகரிக்கத் தக்கவைதான். ஆனால் ஒன்றின் விலையை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது.

காந்தி சுடப்பட்டது வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணிக்கு. பெரும்பாலான அஞ்சலகக் கவுண்டர்கள் அடைக்கும் நேரம். செய்திக்குப் பின் 30-1-1948 முத்திரை வாங்கிய உறை என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள். 31-1-1948, அதாவது இறுதிச் சடங்கு நாள், நம்பத்தகுந்த இலக்கு.

ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டது இரவு 10 மணிக்கு மேல். 21-5-1991 தேதியுள்ள உறை அன்று காலையோ மாலையோ போன கடிதம்தான். செய்தியோடு தொடர்புள்ள முதல் நாள் மே 22.

காமராஜர் மறைந்த அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி. தேசிய விடுமுறை, கவுண்டர் திறந்திருக்காது. 2-10-1975 தேதியில் அழகாகக் கவுண்டர் முத்திரை குத்திய உறையைக் கண்டால், எந்த அலுவலகம் அன்று இயங்கியது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ரயில்வே அஞ்சல் பிரிவான ஆர்.எம்.எஸ். முத்திரை என்றால் வாய்ப்பு உண்டு.

சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் 11-1-1966 முழு நாளும் செய்தி தெரிந்த நாள்தான். நிகழ்வு நாள் உறைக்குச் சிக்கல் இல்லாத தேதி அது.

வெளிநாட்டு உறைகளிலும் இதே கணக்கு. கென்னடி டாலஸில் சுடப்பட்டது 22-11-1963 அங்கே பகல் 12.30. நம் கடிகாரத்தில் அது சரியாக நள்ளிரவு 12. எனவே இந்திய முத்திரையோடு உள்ள கென்னடி மறைவு உறைக்கு உரிய தேதி நவம்பர் 23. சர்ச்சில் இறந்த 24-1-1965 ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு 30-1-1965 இறுதி ஊர்வல நாள் உறையைத் தேடுவது எளிது.

4. முதல் செலவுகள்: கருவிகளும் கணக்கும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், முனை தட்டையான தபால் தலை இடுக்கி, சிறிய புற ஊதா டார்ச், பாலிப்ரொப்பிலின் உறைக் கவசங்கள், மென்மையான பென்சில். இவ்வளவுதான் தேவை. முதல் மாதத்தில் உறை வாங்குவதைவிட இவற்றை வாங்குவது முக்கியம்.

புதிதாக வெளிவரும் தலைகளும் முதல் நாள் உறைகளும் முக மதிப்பிலேயே கிடைக்க, அஞ்சல் துறையின் ஃபிலாட்டலிக் (தபால் தலை சேகரிப்புக்கான) டெபாசிட் கணக்கு தொடங்குங்கள். குறைந்தபட்ச முன்பணம் 200 ரூபாய். படிவம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொண்டுபோனால் போதும். சென்னையில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் உள்ள ஃபிலாட்டலிக் பீரோவில் தொடங்கலாம். பிற ஊர்களில் தலைமை அஞ்சலகத்தின் ஃபிலாட்டலிக் கவுண்டரில் கேளுங்கள். படிவத்தில் தலை, முதல் நாள் உறை, தகவல் மடல் (தலையைப் பற்றிய விவரத் தாள்) எத்தனை எத்தனை வேண்டும் என்று கேட்பார்கள். உறையைக் குறிக்க மறந்தால் தலை மட்டும்தான் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு என்று குறியுங்கள்: ஒன்று வைக்க, ஒன்று மாற்றிக்கொள்ள.

கணக்கில் இருப்பு தீர்ந்தால் அனுப்புவது நின்றுவிடும். ஒரு முக்கியமான வெளியீடு அந்த இடைவெளியில் போய்விடும். காலாண்டுக்கு ஒருமுறை இருப்பைப் பாருங்கள்.

வீட்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை இருந்தால் அவர் பெயரிலும் ஒரு கணக்கு தொடங்குங்கள். தபால் தலை சேகரிக்கும் மாணவர்களுக்கான தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதற்கு விண்ணப்பிக்க இந்தக் கணக்கு உதவும்.

5. வாங்குமுன் உறையைச் சோதிக்கும் முறை

இதில் அவசரமே கூடாது. வியாபாரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, உறையைக் கவசத்திலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். தர மறுத்தால் அந்த உறை வேண்டாம்.

முதலில் முத்திரை தலைக்கு வெளியே உறையின் மீதும் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தலையின் விளிம்பில் கோடு முறியாமல் கடக்க வேண்டும். தலைமேல் உள்ள வளைவும் காகிதத்தின் மேல் உள்ள வளைவும் ஒரு மயிரிழை விலகினாலும், வேறு தலையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

லூப்பில் முத்திரை மையைப் பாருங்கள். உலோக முத்திரை குத்திய இடத்தில் மை ஓரங்களில் சற்றுத் திரண்டிருக்கும். பல நேரம் காகிதத்தில் அழுத்தமும் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் நுண்புள்ளிகளாகக் கறுப்பு உடைந்து தெரிந்தால் அது கணினி அச்சு.

பிறகு தேதிகளின் தர்க்கம். நேரு அஞ்சலித் தலை ஒட்டிய உறையில் 27-5-1964 முத்திரை இருக்கவே முடியாது, தலை வந்ததே ஜூன் 12. இப்படிப்பட்ட உறைகள் 'அரிதானவை' என்ற பெயரோடு இணையத்தில் வருகின்றன. உறையில் உள்ள ஒவ்வொரு தலையும் முத்திரைத் தேதிக்கு முன்போ அன்றோ வெளியாகியிருக்க வேண்டும்.

முகவரியும் சாட்சி சொல்லும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது 15-8-1972. 1964 உறையின் முகவரியில் 600 என்று தொடங்கும் எண் இருந்தால் முகவரி பிற்காலத்தில் எழுதப்பட்டது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது 14-1-1969. மெட்ராஸ் என்ற நகரப் பெயர் 1996 வரை நீடித்தது. அதற்கு முந்தைய தேதியில் ஆங்கிலத்தில் சென்னை என்று பொறித்த முத்திரை வந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒன்றைப் பிரித்தறிய வேண்டும்: வெறுமையாக இருந்த நல்ல முதல் நாள் உறையில் பிந்தைய உரிமையாளர் தன் முகவரி ரப்பர் முத்திரையைக் குத்தியிருக்கலாம். அது போலி அல்ல, விலை குறையும் குறை.

அஞ்சல் கட்டணத்தைச் சரிபாருங்கள். மேலே பட்டியலில் உள்ள 15, 20, 25, 50 பைசா, 1 ரூபாய் எல்லாம் அந்தந்தக் காலத்தில் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் கட்டணமே. பதிவுத் தபால் ஒட்டு இருந்து தலை 15 பைசாவுக்கு மட்டும் இருந்தால் கணக்கு உதைக்கிறது. மீதித் தலை பின்பக்கம் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பாருங்கள். அஞ்சலில் பயணித்த உறைக்குப் பின்பக்கம் சேர்விட அஞ்சலகத்தின் முத்திரை இருந்தால் நம்பகம் இரட்டிப்பாகும். அந்தத் தேதியும் தூரத்துக்குப் பொருந்த வேண்டும்.

காந்தி உறைகளுக்குத் தனி எச்சரிக்கை. 1948 தலைகள் ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவ்யூர் முறையில் அச்சானவை. விளிம்புத் துளை அளவு (2 செ.மீ. நீளத்தில் உள்ள துளைகள்) பதினொன்றரை. 10 ரூபாய் தலை அன்றைக்கே பெரிய தொகை, வாங்கியவர் குறைவு. அதனால் சிறிய மூன்று மதிப்புகள் மட்டும் உள்ள உறைகள் பரவலாகவும், நான்கும் உள்ளவை விலை உயர்ந்தும் இருக்கின்றன. மூன்று தலை உறையில் காலியாக இருந்த மூலையில் பின்னாளில் ஒரு 10 ரூபாய் தலையை ஒட்டி முத்திரையை வரைந்து முடிப்பது பழைய தந்திரம். அந்தத் தலையே போலியாகவும் இருக்கலாம். உண்மையான போட்டோகிராவ்யூர் அச்சில் நிழல் பகுதிகள் மென்மையாகக் கலந்திருக்கும். ஆஃப்செட் போலியில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். புற ஊதா டார்ச்சை அடியுங்கள். 1948 உறைக் காகிதம் வெளிர்நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் வாங்க வேண்டாம். காகிதத்தில் வெண்மையூட்டிகள் பரவலானது அதற்குப் பின்புதான். 1964-க்குப் பிந்தைய உறைகளில் இந்தச் சோதனை பயன்படாது.

இந்தத் தலைகளில் 'சர்வீஸ்' என்று மேலச்சு செய்தவை கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்காக 100 தொகுதிகள் மட்டுமே உருவானவை. 2017-ல் அந்த 10 ரூபாய் தலையின் நான்கு கொண்ட வரிசை 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. உங்கள் ஊர்ச் சந்தையில் அது சில ஆயிரத்துக்குக் கிடைத்தால், கிடைப்பது அது அல்ல.

6. எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

முதல் இடம் மாநில, மாவட்ட அளவிலான தபால் தலைக் கண்காட்சிகள். பல வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அரை மணி நேரத்தில் விலை நிலவரம் பிடிபடும். முதல் நாள் காலையில் பார்த்து வையுங்கள், கடைசி நாள் மதியத்துக்கு மேல் பேரம் பேசுங்கள். ஆனால் நிகழ்வு நாள் உறை கண்ணில் பட்டால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம், அது இருக்காது.

இரண்டாவது, சங்கங்களின் கூட்டங்கள். சென்னையில் தென்னிந்திய ஃபிலாட்டலிஸ்ட்கள் சங்கம் போன்ற அமைப்புகளில் உறுப்பினரானால் இரட்டைப் பிரதிகள் நியாயமான விலையில் கைமாறும். அதைவிட முக்கியம், வாங்கிய உறையைப் பார்த்து உண்மையைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் அங்கே இருப்பார்கள்.

மூன்றாவது, பழைய காகிதக் கடைகளும் பழைய அலுவலகக் கோப்புகளும். பயணித்த சாதாரண உறைகள் இங்கேதான் கிடைக்கும். 1964 மே, ஜூன் மாதக் கட்டு ஒன்று கிடைத்தால் ஒவ்வொரு உறையின் முத்திரையையும் படியுங்கள். விற்பவருக்கு அது வெறும் பழைய உறை. நிகழ்வு நாள் உறைகள் மலிவாகக் கிடைக்கும் ஒரே வழி இது.

இணைய ஏலத்தைக் கடைசியில் வையுங்கள். வாங்கினால், முன்பக்கமும் பின்பக்கமும் முத்திரை தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். பின்பக்கப் படம் தராதவரிடம் வாங்காதீர்கள். கிழிசல், பசைநாடா, பழுப்புக் கறை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

7. விலை எப்படித் தீர்மானமாகிறது

ஒரே நேரு முதல் நாள் உறைக்கு இரண்டு விலை இருக்கும். முத்திரை தெளிவு, காகிதம் வெண்மையாக இருப்பது, மடிப்பின்மை, தகவல் மடல் சேர்ந்திருப்பது ஆகியவை விலையை ஏற்றும். பழுப்புப் புள்ளி, ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த தடம், பேனாக் கிறுக்கல் ஆகியவை இறக்கும். முதல் நாள் முத்திரை பெருநகரங்களின் பெயரில் நிறைய உண்டு. சிறிய ஊர் முத்திரை அதைவிட அரிது, கூடுதல் கொடுக்கலாம்.

உறையின் விலையோடு ஏலக் கமிஷன், அனுப்பும் செலவு, வெளிநாடு என்றால் சுங்க வரி ஆகியவற்றைக் கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். ஒரு கென்னடி உறையை வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால் உறையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடும். ஒரே விற்பனையாளரிடம் ஐந்தாறாகச் சேர்த்து வாங்குங்கள்.

8. ரசீதும் சான்றும் அனுப்புதலும்

ரசீதில் 'பழைய கவர் 1' என்று எழுதினால் ஏற்காதீர்கள். தலைவர் பெயர், தலையின் மதிப்பு, முத்திரையின் ஊர், தேதி, 'அசல், தவறெனில் பணம் திருப்பித் தரப்படும்' என்ற வரி ஆகியவை வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பு உறையின் இரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுங்கள். விலை உயர்ந்த காந்தி உறை என்றால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வேண்டாம். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி போன்றவை சான்றளிக்கின்றன. அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு, உறை அத்தனை காலம் உங்கள் கையில் இருக்காது. அந்தச் செலவு யாருடையது என்று வாங்குமுன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது உறையை இரு கனமான அட்டைகளுக்கு நடுவே வைத்து, அட்டையின் நான்கு ஓரத்தையும் ஒட்டுங்கள். பசைநாடா கவசத்தில் படக் கூடாது. பழைய பதிவுத் தபால் சேவை 2025-ல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. எனவே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பெறுபவரிடமே சேர்க்கும் பதிவு வசதியைக் கவுண்டரில் கேட்டு வாங்குங்கள்.

9. இன்றைய நிகழ்வுக்கு நீங்களே உறை தயாரிக்க

மறைவுச் செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நல்ல வெள்ளை உறைகள் பத்தும், 5 ரூபாய் தலைகளும் எப்போதும் இருக்கட்டும். 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு அது போதும். செய்தி வந்ததும் உங்கள் முகவரியைச் சிறிதாக, கீழ் வலப்பக்கம் எழுதி, உள்ளே ஒரு மெல்லிய அட்டையை வையுங்கள். முத்திரை சீராக விழும். கவுண்டரில் நின்று, கையால் தெளிவாகக் குத்தித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். இரண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டை அஞ்சலில் சேருங்கள். பயணித்து வருபவைதான் பின்னாளில் கூடுதல் மதிப்புப் பெறும்.

மாலையில் செய்தி வந்தால் ஆர்.எம்.எஸ். அலுவலகத்துக்குப் போங்கள். மறுநாள் விடுமுறை அறிவிக்கப்படலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். முந்தைய நாள் தேதியைக் குத்தித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அது விதிமீறல், அப்படி வந்த உறை சேகரிப்பில் இருப்பது மற்ற உறைகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். துக்க நாளில் அஞ்சலகப் பணியாளர்களும் கலங்கியிருப்பார்கள். நீண்ட கட்டோடு போய் நிற்காமல் நான்கைந்து உறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. பாதுகாத்தல்

நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம்தான் உறைகளுக்கு முதல் பகை. பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டால் முழுதாகப் போக்க முடியாது, பக்கத்து உறைக்கும் பரவும். பி.வி.சி. கவசங்களைத் தவிருங்கள், அதன் மென்மையூட்டி வெளியேறி மையைக் கரைக்கும். பாலிப்ரொப்பிலின் அல்லது பாலியெஸ்டர் மட்டும். கவசம் உறையைவிட ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் மூலைகள் மடியும். லேமினேட் செய்வது உறையைக் கொல்வது.

ஆல்பங்களை நிமிர்த்தி வையுங்கள், அடுக்கிப் படுக்க வைத்தால் தலைகள் கவசத்தில் ஒட்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் உலர்த்திப் போடுங்கள். அந்துருண்டை வேண்டாம். இராமபாணப் பூச்சிக்குப் பசை பிடிக்கும், அது முதலில் தின்பது உறையின் ஒட்டுமடிப்பை. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு உறையையும் வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில், வெயில் படாத இடத்தில் அரை நாள் ஆறவிடுங்கள்.

உறையின் மீது எதையும் எழுதாதீர்கள். அமிலமற்ற தாள் துண்டில் பென்சிலால் தலைவர், நிகழ்வு, முத்திரை ஊர், தேதி, நேரம், வாங்கிய இடம், விலை ஆகியவற்றை எழுதிக் கவசத்துக்குள் பின்பக்கமாகச் செருகுங்கள். ரசீதின் எண்ணையும் அதிலேயே குறித்துவிட்டால், விற்கும்போதோ கண்காட்சியில் வைக்கும்போதோ தேட வேண்டியிருக்காது.